தாழிக்குள் இட்ட காசு

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு நண்பர்கள் பணித்தபோது, என் மேசை இழுப்பறையில் சில காலம் கிடந்த ஒரு செப்புக்காசு நினைவுக்கு வந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் அதைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார். "அம்மா, பழைய இடுகாட்டில் தாழி ஒன்றை உடைத்தபோது கிடைத்ததாம். இதன் அருமை உங்களுக்குத்தான் தெரியும்" என்று தந்தார். மகிழ்ந்து பெற்றுக்கொண்டேன். எந்த ஊர் இடுகாடு, உடைத்தவர் யார் என்று கேட்கவில்லை. அவ்வாறு கேளாது விட்ட பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

இறந்தாரோடு காசைச் சேர்க்கும் வழக்கம் இன்றும் நம்மிடம் உண்டு. நெற்றியில் ஒற்றைக்காசு ஒட்டுகிறோம். வாய்க்கரிசியோடு சில்லறை இடுகிறோம். திருச்சி ஓயாமரி மயானத்திற்குச் சென்று மீண்டோர் இதனை அறிவர். அக்காசு மயானப் பணியாளரைச் சேரும். உறவினர் கண்முன், ஊரறியக் கொடுக்கப்படும் கூலி அது. அதில் களவு இல்லை.

ஆற்றுக்காசு இரண்டாம் வகை. திருவரங்கத்து அம்மா மண்டபத் துறையில் யாத்திரிகர் காவிரிக்கு இடும் காசை மூழ்கி எடுப்போரை யாரும் பழிப்பதில்லை. கரூரில் அமராவதி மணலைச் சலித்தோர் கையில் பழங்காசுகள் பல கிடைத்தன. அவ்வாறு வெளிப்பட்டவற்றுள் 'மாக்கோதை' என்னும் சேரன் பெயர் பொறித்த வெள்ளிக்காசும் ஒன்று. இத்தகைய காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் 1980களிலும் அதன் பின்னரும் ஆராய்ந்து வெளியிட்டமையால், சங்க வேந்தர் தம் பெயரால் காசு அடித்தமை உறுதியாயிற்று. காசு தேடுவோரால் வரலாறு பெற்ற பயனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஆற்றுக்காசை அதன் இடத்திலிருந்து முன்பே பெயர்த்தது வெள்ளம். எடுப்பவர் குலைப்பதற்கு அங்கு ஏதும் எஞ்சியிருக்கவில்லை.

ஈமக்குழிக் காசோ அத்தகையதன்று. கோவையை அடுத்த சூலூரில் பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில், நடு இந்திய நகரமாகிய ஏரணின் காசு கிடைத்தது. குழியின் காலத்தைக் கணிக்க அறிஞர்க்கு அது துணைநின்றது. அதே காசு குழியினின்று களவாகிக் கடைவீதிக்கு வந்திருப்பின், அதன் விலை மட்டுமே நமக்குத் தெரிந்திருக்கும். உடனிருந்த எலும்பு, மட்கலம், மணி ஆகியவற்றோடு சேர்ந்திருக்கும் வரையில்தான் காசு சாட்சி சொல்லும்.

இது அறிவுக்கு நேரும் இழப்பு. அறத்திற்கு நேரும் இழப்பு இதனினும் பெரிது. புறநானூற்றில், உறையூர்ச் சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது அவனுக்கேற்ற தாழியை எங்ஙனம் வனைவாய் என ஐயூர் முடவனார் குயவனை வினவுகிறார். மற்றொரு பாடலில், கணவனை இழந்த பெண் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். இப்பாடல்களை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நானே, அத்தகைய தாழி ஒன்று உடைபட்ட செய்தியைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன்! தாழியில் இட்ட பொருள் அடைக்கலப் பொருள். இட்டவர் மரபு அற்றுப்போயிற்று என்பதனால் அடைக்கலம் நீங்கிவிடாது. கேட்பாரற்ற இடத்தில் காக்கும் கடன் காண்பவரைச் சேரும்.

ஆய்வாளரும் குழி தோண்டுகின்றனரே எனில், அது நியாயமான வினா. ஆதிச்சநல்லூரில் 1876இல் அகழ்ந்த யாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் அங்கு அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, பொருள்களை அட்டவணைப்படுத்தி 1915இல் வெளியிட்டார். கல்வி என்னும் பெயரே தோண்டுதலைத் தூய்மையாக்கிவிடாது. கண்டதைக் கண்டவாறு பதிவுசெய்தலும், பொதுவில் வைத்தலும், இறந்தாரை மதித்தலும் சேர்ந்தே அதற்குத் தகுதி தரும்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நம் திருவானைக்காவில் 2020 பிப்ரவரியில், கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது 505 பொற்காசுகள் கிடைத்தன. அவை எண்ணப்பட்டு அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டன. எங்கே, எவ்வாறு கிடைத்தன என்பதும் உலகறிந்தது. கோயில் மண்ணுக்குக் காட்டிய அந்த நேர்மை, பெயர் தெரியாதவர் துயிலும் இடுகாட்டு மண்ணுக்கும் உரியதே.

என்னிடமிருந்த காசைப் பின்னர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கச் சென்றேன். அங்கிருந்தவர் கேட்ட முதல் வினா, "எங்கே கிடைத்தது, அம்மா?" என்பதே. முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. மாணவரைத் தேடிக் கேட்டேன்; கைமாறி வந்தது என்பதற்கு மேல் அவரும் அறியார். தாழியை உடைத்த கை முதற்கை எனில், வாங்கி மகிழ்ந்த என் கை கடைசிக்கை. வாங்கும் கை இல்லையேல் உடைக்கும் கைக்கு வேலையில்லை.

பழமையைப் போற்றும் நம் வட்டத்துக் கவிஞர்களிடமும் இத்தகைய காசுகள் அன்பளிப்பாக வரக்கூடும். வரும்போது நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.