எம்.ஜி.பி. காரின் ஷாக் அப்சார்பர்: கழற்றி எறியும் முன் கொஞ்சம் வரலாறு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். "சஸ்பென்ஷன் போச்சு, புதுசா எதைப் போடலாம்?" விற்கிறவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: கெட்டியான ஸ்பிரிங், நவீன ஷாக் அப்சார்பர், இரண்டு அங்குலம் தாழ்த்தும் செட். போட்டு முடித்த பிறகு கார் பார்க்க அம்சமாக இருக்கும். மேடு பள்ளமான சாலையில் ஓட்டினால்தான் தெரியும், காசு கொடுத்துக் காரைக் கெடுத்துக்கொண்டோம் என்று.

இந்தத் தவறு ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு காரின் கதை போதும். அதுதான் இங்கிலாந்தின் எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்ற சிற்றூரில் தயாரிக்கப்பட்டது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். நம்மவர்களுக்கு ஒரு தூரத்து உறவும் உண்டு: இதன் 1798 சிசி இன்ஜினும், நம் அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி இன்ஜினும் ஒரே பி.எம்.சி. குடும்பம்.

சரி, கதைக்கு வருவோம்.

ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது?

பெயரே கொஞ்சம் ஏமாற்று வேலை. அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்ப ஊஞ்சலாடாமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஆட்டத்தின் ஆற்றலை வாங்கி வெப்பமாக மாற்றி வெளியே விடுகிறது, அவ்வளவுதான்.

1900களின் தொடக்கத்தில் பிரான்ஸின் த்ரூஃபோ உருவாக்கி, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு தயாரித்த வகையில் எண்ணெயே கிடையாது. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள், நடுவே உரசும் தட்டுகள். பிறகு எண்ணெயைச் சிறு துளை வழியாகத் தள்ளி ஆட்டத்தை அடக்கும் வகைகள் வந்தன. 1927-ல் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரிலேயே ஹூடாய் வகை ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் இருந்தது.

எம்.ஜி.பி.யில் இருப்பது ஆம்ஸ்ட்ராங் கம்பெனியின் லீவர் ஆர்ம் வகை. ஒரு வார்ப்பு உலோகப் பெட்டி. அதற்குள் பிஸ்டனும் எண்ணெயும். வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கை ஆடும், உள்ளே பிஸ்டன் நகரும், எண்ணெய் வால்வு வழியாகப் பிதுங்கும். இன்று நாம் எல்லா வண்டிகளிலும் பார்க்கும் குழாய் மாதிரியான டெலஸ்கோப்பிக் வகை இதிலிருந்து வேறுபட்டது.

1962-லேயே பழசு!

வேடிக்கை என்னவென்றால், எம்.ஜி.பி. வெளிவந்த நாளிலேயே இந்த ஷாக் அப்சார்பர் பழைய பாணி. 1961-ல் வந்த போட்டிக் கார் டிரையம்ஃப் டிஆர்4-ல் முன்பக்கம் டெலஸ்கோப்பிக். 1962-ல் வந்த சின்ன டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் நான்கு பக்கமும் அதுவே. அப்படியிருக்க எம்.ஜி. ஏன் பழையதையே வைத்துக்கொண்டது?

பரம்பரைச் சொத்துதான் காரணம். எம்.ஜி.பி.யின் முன் சஸ்பென்ஷன், பிற்காலத்தில் மினி காரால் உலகப் புகழ்பெற்ற அலெக் இஸிகோனிஸ் போருக்கு முன்பே வடிவமைத்தது. அது 1947-ல் எம்.ஜி. ஒய் டைப் என்ற சாதுவான குடும்பக் காரில் வந்தது. 1950-ல் டிடி, 1955-ல் எம்.ஜி.ஏ., 1962-ல் எம்.ஜி.பி. என்று கைமாறிக்கொண்டே வந்தது. சிட் எனவரும் அவர் குழுவும் எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டம் இல்லாத மோனோகாக் உடலைக் கொடுத்தார்கள். அதுதான் புதுமை. முன் சஸ்பென்ஷனையும், பின்னால் லாரி மாதிரி இருக்கும் பட்டை ஸ்பிரிங்கையும் பெரிதாகத் தொடவில்லை. செலவு மிச்சம், வேலை தெரிந்த வேலை.

இந்த வடிவமைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பரின் கைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் விஷ்போன். அதாவது ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. ஆட்டத்தையும் அடக்க வேண்டும், சக்கரத்தையும் நேராகப் பிடிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்பெனியே மாற்றிப் பார்த்தது

1967-ல் இதே உடலில் 2912 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினைத் திணித்து எம்.ஜி.சி. என்ற காரை விட்டார்கள். பெரிய இன்ஜினுக்கு இடம் வேண்டுமே, அதனால் முன் சஸ்பென்ஷனை அடியோடு மாற்றினார்கள். டார்ஷன் பார், கூடவே டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர். இன்று பலரும் காசு கொடுத்துப் போடத் துடிக்கும் அதே சங்கதி, கம்பெனியிலிருந்தே வந்தது!

விளைவு? மூக்கு கனமாகிவிட்டது, வளைவில் திரும்ப மறுக்கிறது என்று அன்றைய பத்திரிகைகள் குறை சொன்னன. 1969-லேயே நிறுத்திவிட்டார்கள், சுமார் 9,000 கார்களோடு. ஷாக் அப்சார்பர் மேல் பழி சொல்ல முடியாது, எடைதான் வில்லன். ஆனால் பாடம் இருக்கிறது: டெலஸ்கோப்பிக் என்ற ஒரு சொல்லால் கார் நன்றாக ஓடிவிடாது. மொத்த அமைப்பும் பொருந்த வேண்டும்.

1974: உயர்த்திய கார்

அடுத்த அத்தியாயம் சோகமானது. அமெரிக்காதான் எம்.ஜி.பி.யின் பெரிய சந்தை. அங்கே வந்த புதிய பம்பர் விதிகளுக்காக 1974-ல் பளபளக்கும் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கருப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். பம்பர் குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் முழுக் காரையும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்திவிட்டார்கள். போதாக்குறைக்குச் செலவைக் குறைக்க, முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றி, வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள் என்றார்கள்.

உயரமான கார், சாய்வைத் தடுக்கக் கம்பி இல்லை. வளைவில் படகு மாதிரி சாய்ந்தது. 1977 மாடலில்தான் முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார் போட்டுத் தவறை ஓரளவு சரிசெய்தார்கள். உயரம் மட்டும் குறையவில்லை. 1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலையே மூடப்பட்டது.

எம்.ஜி.பி. என்றாலே ஆடும் கார் என்ற கெட்ட பெயருக்கு இந்தக் கடைசி ஆறு வருடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பர் காரணமில்லை. அது 1962-லும் இருந்தது, 1980-லும் இருந்தது. நடுவில் மாறியது உயரமும் ஒரு கம்பியும்தான். ஆனால் தண்டனை மட்டும் ஷாக் அப்சார்பருக்கு!

அப்படியானால் எதைப் போடுவது?

வரலாறு தெரிந்தால் தேர்வு சுலபம். முதலில் உங்கள் கார் எந்த வருடத்தது என்று பாருங்கள். குரோம் பம்பர் காரென்றால் உயரம் சரியாகவே இருக்கிறது, தாழ்த்தத் தேவையில்லை. ரப்பர் பம்பர் காரென்றால் பழைய உயரத்துக்கு இறக்குவதில் நியாயம் உண்டு. அதற்குக் கீழே போகாதீர்கள். கம்பி இல்லாத 1975, 1976 காரென்றால் முதல் செலவு முன்பக்க ஆன்டி ரோல் பார்.

இரண்டாவது, தேய்ந்ததைப் புதியதோடு ஒப்பிடாதீர்கள். நாற்பது வருட லீவர் ஆர்மைக் கழற்றிவிட்டுப் புது டெலஸ்கோப்பிக் போட்டவர் "அடடா, என்ன வித்தியாசம்!" என்பார். புதுப்பித்த லீவர் ஆர்ம் போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். சோதிப்பது எளிது. பின்பக்க லீவரின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கையால் ஆட்டிப் பாருங்கள். முழு தூரமும் ஒரே மாதிரி எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் தொளதொளவென்று இருந்தால் எண்ணெய் குறைவு அல்லது உள்ளே காற்று. தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசிந்தால் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது, மேலே நினைவில் வைக்கச் சொன்ன நுணுக்கம். முன்பக்க டெலஸ்கோப்பிக் செட்டுகள் பலவும் பழைய லீவர் ஆர்மைக் கழற்றுவதில்லை. அதன் அடக்கும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, வெறும் விஷ்போனாக அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்தில் புதியதைப் பொருத்தும். அதன் தாங்கி தேய்ந்திருந்தால் சக்கரம் அப்போதும் ஆடும். நோய் அப்படியே இருக்க, மருந்து வேறு இடத்தில்!

நான்காவது, கெட்டி ஸ்பிரிங். கொஞ்சம் கணக்கு. சுமார் 1.2 ஹெர்ட்ஸில் ஆடும் ஸ்பிரிங், காரின் எடையில் ஏறத்தாழ 17 செ.மீ. அமுங்கி நிற்கும். 2 ஹெர்ட்ஸ் என்றால் வெறும் 6 செ.மீ. அதாவது பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கிச் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்க அவ்வளவுதான் இடம். பந்தயத் தளம் மாவு சலித்த மாதிரி சமமாக இருக்கும், அங்கே பரவாயில்லை. சாலையில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அந்தரத்தில் இருக்கும் டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. லோட்டஸின் காலின் சாப்மன் இதே 1962-ல் எலான் காரில் செய்தது நேர் எதிர்: மென்மையான ஸ்பிரிங், அதற்கேற்ற சரியான ஷாக் அப்சார்பர். அந்தக் காரின் கையாளுதலை இன்றும் புகழ்கிறார்கள்.

அப்படியும் கெட்டி ஸ்பிரிங்தான் வேண்டுமென்றால், ஷாக் அப்சார்பரும் கூடவே மாற வேண்டும். ஸ்பிரிங் 44 சதவீதம் கெட்டியானால், அதே அளவு அடக்கத்துக்கு ஷாக் அப்சார்பர் 20 சதவீதம் பலமாக வேண்டும் (வர்க்கமூலக் கணக்கு). ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் கெட்டது.

என் வரிசை இதுதான்: முதலில் டயரும் ரப்பர் புஷ்களும். 1973-ல் வந்த எம்.ஜி.பி. ஜிடி வி8 காரின் கீழ் விஷ்போன் புஷ்கள் சாதாரண எம்.ஜி.பி.யிலும் பொருந்தும், நல்ல மாற்றம். அடுத்து புதுப்பித்த லீவர் ஆர்ம். பிறகு ஆன்டி ரோல் பார். உயரம், தேவைப்பட்டால் மட்டும். இத்தனையும் செய்து ஓட்டிப் பார்த்து, அப்போதும் திருப்தி இல்லையென்றால் டெலஸ்கோப்பிக் பற்றி யோசிக்கலாம்.

முப்பதுகளில் பிறந்த ஒரு யோசனை 1980 வரை ஓடியது என்றால் அது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஓரளவு வேலையும் செய்தது என்றுதான் அர்த்தம். பழைய காரைத் திருத்துவதற்கு முன் அது புதிதாக இருந்தபோது எப்படி ஓடியது என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காரை நாம் இன்னும் ஓட்டியே பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை.