கருத்தடைச் சத்திரசிகிச்சை: நோவைச் சொல்வது உங்கள் உரிமை

"பிள்ளை பெற்ற உடம்பு, இதைத் தாங்காதா?" என்று பெண்களின் நோவைத் தட்டிக்கழிப்பதை ஒரு தாதியாக நான் ஏற்பதில்லை.

முழு மயக்கமின்றி, விறைப்பு ஊசியுடன் அடிவயிற்றில் சிறு கீறலிட்டும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. நோ மாத்திரையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். லிக்னோகெயின் ஊசி வேலை செய்யச் சில நிமிடங்கள் எடுக்கும். விறைத்துவிட்டதா எனச் சோதித்த பின்னரே கீற வேண்டும். பலோப்பியன் குழாயை இழுத்துக் கட்டும்போதுதான் நோ கூடும். குழாய்மீது அதே மருந்தைச் சொட்டினால் அது குறையும்.

தாங்க முடியாவிட்டால், "கொஞ்சம் நிற்பாட்டுங்கோ" என்று சொல்லுங்கள். மேலதிக மருந்து கேட்பது பலவீனமல்ல. மருந்தின் அளவு உடல் நிறையைப் பொறுத்தது. ஒவ்வாமை இருந்தால் முன்னரே தெரிவியுங்கள்.

இது நிரந்தர முறை. கையொப்பமிட்ட பிறகும், சிகிச்சை தொடங்கும்வரை "வேண்டாம்" என்று சொல்லலாம்.