இளையராஜா பிறந்தநாள் விழாக்கள்

இளையராஜா பிறந்தநாள் விழாக்கள் என்பவை இசையமைப்பாளரும் பாடகரும் பாடலாசிரியருமான இளையராஜாவின் பிறந்தநாளையொட்டியும் இசைப்பணியின் மைல்கல் ஆண்டுகளையொட்டியும் ரசிகர்களும் திரைத்துறையினரும் அரசும் எடுத்துவரும் விழாக்களாகும். 75ஆம் அகவையை முன்னிட்டு 2019இல் நடந்த விழாவும், திரையிசையில் அரை நூற்றாண்டுப் பணிக்காக 2025இல் தமிழ்நாடு அரசு எடுத்த விழாவும் இவற்றுள் பெரியவை. தமிழ்நாட்டு நகரங்களில் மட்டுமன்றி மலேசியத் தோட்டப்புறங்கள் வரை பரவிய தமிழர்களுக்கு இவரது இசை உறவாக இருப்பதே இவ்விழாக்களின் அடிப்படை.

பிறந்தநாள்

இளையராஜா 1943 ஜூன் 3 அன்று இன்றைய தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்தார். முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதியின் பிறந்தநாளும் ஜூன் 3. தமக்கு ‘இசைஞானி’ பட்டம் அளித்த அவருக்கு மரியாதையாக அந்த நாளை விட்டுக்கொடுத்து, ஜூன் 2ஆம் நாளைத் தம் பிறந்தநாளாகக் கொண்டாடிவருகிறார். ரசிகர்களும் அந்த நாளையே கொண்டாடுகின்றனர்.

தேயிலை மலையில் தொடக்கம்

இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளின் புகழ்பெற்ற பாடகர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் வாக்கு அங்கே முடிவைத் தீர்மானிக்கக் கூடியதாக இருந்தது. பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் தோட்டந்தோட்டமாகப் பாடினார், ரோசம்மா வென்றார். ஏறத்தாழ அந்தக் காலத்தில், பதினான்கு வயதையொட்டி, இளையராஜா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். நாட்டுப்புற மெட்டில் புதுச் சொல்லை ஏற்றிப் பாடி, உழைத்துக் களைத்து வந்தவரை நின்று கேட்கவைக்கும் கலையை அவர் கற்றது இந்தக் குழுவில்தான். பிற்காலத் திரைப்பாடல்களுக்கும் இதுவே அடித்தளமாயிற்று.

இசைப்பணி

1968இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் செவ்வியல் இசை பயின்றார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். பஞ்சு அருணாசலம் வாய்ப்பளித்த ‘அன்னக்கிளி’ (1976) முதல் படம். ‘தாரை தப்பட்டை’ (2016) ஆயிரமாவது படமாக அறிவிக்கப்பட்டது. பிறர் எழுதிய பாடல்களுக்கு இசையமைத்ததோடு, பல பாடல்களைத் தாமே எழுதி, தாமே பாடியும் இருக்கிறார். திரைக்கு வெளியே ‘ஹௌ டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988), மாணிக்கவாசகரின் பாடல்களை மேலை இசைக்குழுவோடு இணைத்த திருவாசக இசைத்தொகுப்பு (2005) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஐந்து தேசிய விருதுகள், பத்மபூஷண் (2010), பத்மவிபூஷண் (2018) பெற்றார். 2022இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார்.

முதன்மை விழாக்கள்

75ஆம் அகவை விழாவைத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2019 பிப்ரவரி 2, 3 நாட்களில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடத்தியது. ரஜினிகாந்த், கமல்ஹாசன், ஒருகாலத்தில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த ஏ. ஆர். ரகுமான் ஆகியோர் பங்கேற்றனர். அந்த மேடையில் இளையராஜாவுக்காக ரகுமான் மீண்டும் கீபோர்டு வாசித்தது, இரு தலைமுறை ரசிகர்களை ஒன்றாக நெகிழவைத்தது.

2023இல் 80ஆம் பிறந்தநாளன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நேரில் சென்று வாழ்த்தினார். மகளும் பாடகியுமான பவதாரிணி 2024 ஜனவரி 25 அன்று காலமானார். அவ்வாண்டு பிறந்தநாளில், மகளை இழந்த துயரத்தால் தாம் கொண்டாடவில்லை என்றும் ரசிகர்களின் மகிழ்ச்சிக்காகவே இந்த நாள் என்றும் இளையராஜா கூறினார்.

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் அவரது ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. அதையும் ஐம்பது ஆண்டுத் திரையிசைப் பணியையும் சேர்த்து, அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தமிழ்நாடு அரசு பொன்விழா எடுத்தது. இளையராஜா பெயரில் ஆண்டுதோறும் இசைக்கலைஞர்களுக்கு விருது வழங்கப்படும் என்று முதலமைச்சர் அங்கே அறிவித்தார். பாரத ரத்னா வழங்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

மலேசியத் தோட்டப்புறங்கள்

மூணாறைப் போலவே தமிழர் உழைத்த தேயிலைத் தோட்டங்கள் மலேசியாவிலும் உண்டு. பகாங் மாநிலத்தின் கேமரன் மலை, அந்நாட்டின் முதன்மைத் தேயிலை நிலம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் இங்கே உள்ளன. பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய ஊர்களுக்கு இடையில் உள்ள திரிங்காப், காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அந்த வட்டாரத்தின் மலைச்சரிவுகளில் சுங்கை பாலாஸ், புளூ வேலி தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. இந்தத் தோட்டங்களைக் கொழுந்து பறித்தும் காடு வெட்டியும் உருவாக்கியோரில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பெரும்பங்கினர். இன்று கொழுந்து பறிப்போரில் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டவரும் பலர். தமிழ்க் குடும்பங்களில் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன.

இத்தகைய தோட்டப்புறங்களுக்குத் தமிழ்த் திரையிசையைக் கொண்டுவந்தவை மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவும் (இன்றைய மின்னல் எஃப்எம்) ஒலிநாடாக்களும்தாம். அந்த இசையில் மலேசியாவின் குரலும் கலந்தே வந்தது. மலேசியாவில் பிறந்த வாசுதேவன் (1944–2011) பாவலர் சகோதரர்களின் மேடைக்குழுவில் பாடியவர். இளையராஜா இசையமைத்த ‘16 வயதினிலே’ (1977) அவருக்குத் திருப்புமுனை. பிறந்த நாட்டின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து ‘மலேசியா வாசுதேவன்’ என்றே அவர் அறியப்பட்டார். இளையராஜாவும் கோலாலம்பூரில் இசைநிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறார்.

மதிப்பீடு

அரசு விழா 2025இல் வந்தது. மூணாறு மலையில் பாவலர் குழுவின் பாட்டைக் கேட்டுத் தேயிலைத் தொழிலாளர் கைதட்டியது அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு. பட்டமும் விருதும் இல்லாத சிறுவன் இளையராஜாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டுகளில் உழைப்பாளரின் கைதட்டலும் ஒன்று. ஆகவே இளையராஜாவின் புகழ் சென்னை அரங்குகளுக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவுக்கு மூணாறு முதல் கேமரன் மலை வரையுள்ள தோட்டத் தமிழர்களுக்கும் உரியது. அவர் பெயரால் வழங்கப்படும் விருது, இத்தகைய மலைச்சரிவுகளிலிருந்து எழும் புதுக் குரல்களையும் தேடிச் சென்றடைய வேண்டும்.