மர்மலாங் பாலமும் பராமரிப்பு நிதியும்

 

சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி செல்லும் நாம், அடையாற்றை மறைமலை அடிகள் பாலத்தின் வழியாகக் கடக்கிறோம். அவ்விடத்தில் முதன்முதலில் பாலம் எழுப்பியவர் நவாபும் அல்லர், கும்பெனியாரும் அல்லர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியக் கிறிஸ்தவ வணிகர். ஈரானின் இஸ்ஃபஹானை அடுத்த ஜுல்ஃபாவிலிருந்து வந்து, சென்னையில் பெரும்பொருள் ஈட்டியவர்.

மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பரங்கிமலைக்குச் செல்வோர் கரையிலேயே நிற்க நேர்ந்தது. இந்நாட்டில் இரும்புச் சட்டப் பாலங்கள் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, 1726இல், உஸ்கான் தம் சொந்தப் பணம் 30,000 வராகனைச் செலவிட்டுப் பல கண்களையுடைய வளைவுப் பாலம் ஒன்றைக் கட்டினார். மாம்பலம் என்ற பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்ததால் அது 'மர்மலாங் பாலம்' ஆயிற்று. பரங்கிமலையின் படிக்கட்டுகளும் அவர் அமைத்தவையே.

கட்டியதோடு அவர் கைகழுவிவிடவில்லை. பராமரிப்புக்கென்று 1,500 வராகனைத் தனியே ஒதுக்கி வைத்தார். நம் கவனத்திற்குரியது இதுவே. பாலம், கிணறு, முஸாஃபிர்கானா, கப்ருஸ்தான் ஆகியவற்றை வக்ஃபுக்கு உதாரணங்களாக ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அதனைச் செப்பனிடுவதே என்பதும், வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாகக் கூறாவிடினும் அவ்வாறே செய்யவேண்டும் என்பதும் ஹனஃபி மத்ஹபின் சட்டம். நாமோ மினாராவுக்கு வாரி வழங்குகிறோம்; ஹவ்ளு கசிந்தால் ஜும்ஆவில் துண்டு ஏந்துகிறோம். பல மஹல்லாக்களின் நிலை இதுதான். புதுக் கட்டடத்திற்குக் கிடைக்கும் நன்கொடையில் ஒரு பங்கையேனும் பழுதுபார்ப்புக்கென ஒதுக்கினால் என்ன?

1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் உஸ்கானின் சொத்துகளைப் பறிமுதல் செய்தனர். 1751இல் அவர் காலமானார். சொத்து போயிற்று, பாலமோ இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மக்களைக் கரை சேர்த்தது. 1960களில்தான் அதற்குப் பதிலாக இன்றைய பாலம் எழுந்தது.

பழைய பாலத்தின் நினைவுக் கல்வெட்டு மட்டும் தப்பியது. அதில் ஆர்மீனியம், இலத்தீன் ஆகியவற்றுடன் பார்ஸியும் இடம்பெற்றுள்ளது. ஆற்காட்டில் நவாப் ஸஆதத்துல்லாஹ் கான் ஆண்ட காலம் அது. பார்ஸியே அரசவை மொழி. அவ்வழியே சென்ற நம் முன்னோர் நின்று படித்திருக்கக்கூடிய வரிகள் அவை.