ஆலை அருகிருந்தும் விலை குறையாதது ஏன்?

சிங்கப்பூரின் பொருளியலைப் பாடமாக நடத்துகையில் மாணவர் தவறாது எழுப்பும் வினா ஒன்று உண்டு. "ஐயா, நம் தீவுகளிலேயே எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. ஆயினும் கடற்பாலத்தைத் தாண்டினால் பெட்ரோல் மலிவு. இங்கே விலை கூடுதல். இது ஏன்?" நெல் விளையும் ஊரில் அரிசி மலிவாயிருக்கும் என்பது நாம் அறிந்த உண்மை. எண்ணெய்க்கு அவ்வுண்மை பொருந்தாமைக்குக் காரணம் வரலாற்றில் உள்ளது.

அவ்வரலாறு அரசின் விதி ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. 1891-ஆம் ஆண்டில் மண்ணெண்ணெயைப் பெருந்தொட்டிகளில் சேமிக்க இடம் தேடியது சைம் என்னும் வணிக நிறுவனம். தீ மூளும் பொருளை நகரத்தை ஒட்டி வைத்திருக்க அதிகாரிகள் இசையவில்லை. எனவே துறைமுக எல்லைக்கு அப்பாலிருந்த புக்கோம் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1892-இல் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல் கருங்கடல் துறையாகிய பாத்துமியிலிருந்து மண்ணெண்ணெய் ஏற்றிச் சூயஸ் கால்வாய் வழியே வந்து, அதன் ஒரு பகுதியை அங்கே இறக்கிவிட்டு, எஞ்சியதைப் பாங்காக்கிற்குக் கொண்டு சென்றது. தொடக்க நாளிலேயே புக்கோம் வாங்கி விற்கும் கிடங்காக அமைந்ததேயன்றி, உள்ளூர் விளக்குகளுக்கு மட்டும் எண்ணெய் வார்க்கும் இடமாக அமையவில்லை.

1961-இல் அத்தீவில் நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. 1959-ஆம் ஆண்டின் முன்னோடித் தொழில்கள் சட்டம் புதிய தொழில்களுக்கு வருமான வரி விலக்களித்து ஊக்கமூட்டிய காலம் அது. பின்னர் ஜூரோங்கிலும் தென்தீவுகளிலும் ஆலைகள் பெருகின. கச்சா எண்ணெய் ஒரு துளியும் நம் மண்ணில் ஊறுவதில்லை. அனைத்தும் கப்பலில் வருகிறது. சுத்திகரித்தபின் பெரும்பகுதி மீண்டும் கப்பலேறுகிறது. சிங்கப்பூர்ச் சந்தையில் நாள்தோறும் கணிக்கப்படும் மொத்த விலையே ஆசிய வட்டாரத்திற்கு அளவுகோல். வெளிநாட்டார் அவ்விலைக்கு வாங்க அணியமாயிருக்கையில், அருகில் வாழ்கிறோம் என்பதற்காக எவரும் நமக்குக் குறைத்து விற்பதில்லை.

இதனால் மற்றோர் உண்மையும் விளங்கும். ஆலை சுருங்கினாலும் நம் விலை அதனால் மட்டும் ஏறிவிடாது. புக்கோமின் சுத்திகரிப்புத் திறனைப் பாதியாகக் குறைப்பதாக ஷெல் நிறுவனம் 2020 நவம்பரில் அறிவித்தது. 1,300 பணியிடங்கள் 800 ஆகும் என்பதே அவ்வறிவிப்பின் கசப்பான பகுதி. 2025 ஏப்ரலில் அவ்வாலை வேறு உடைமையாளர் கைக்கு மாறியது. வேலையிழந்தோர் இல்லங்களில் அதன் சுமை இறங்கியது. பெட்ரோல் நிலையத்தின் விலைப்பலகையிலன்று.

பிற நாடுகளின் அனுபவமும் இதனைத் தெளிவாக்கும். ஆஸ்திரேலியாவில் 2021-இல் குவினானா, ஆல்டோனா ஆலைகள் நிறுத்தப்பட, இரண்டே எஞ்சின. அங்கு மொத்த விலை முன்னரே சிங்கப்பூர் விலையை ஒட்டி நின்றமையால், அந்நாட்டரசு அஞ்சியது விலையேற்றத்தைவிட வழங்கல் தடைப்படுவதையே. எஞ்சிய ஆலைகளைக் காக்க உதவித்தொகை வழங்கும் சட்டத்தையும் அவ்வாண்டே இயற்றியது. கலிஃபோர்னியாவின் நிலை வேறு. தனிவகைப் பெட்ரோலையே விற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. வெளியிலிருந்து பெட்ரோலைக் கொணரும் குழாய்வழியும் இல்லை. ஆகவே 2015-இல் டாரன்ஸ் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தபின் விலை ஏறியது. கதவடைத்த வீட்டில் அடுப்பு அணைந்தால் பட்டினி. சந்தைக்கு நடுவே உள்ள வீட்டிற்கு அந்நிலை இல்லை.

அங்ஙனமாயின் இங்கு விலையை உயர்த்துவது யாது? உலக விலை, நிலவாடகை, நிறுவனங்களின் இலாபம் ஆகியவற்றோடு வரியும் ஒரு பெருங்கூறு. அரசு விற்பனை விலையை நிர்ணயிப்பதில்லை, வரியை நிர்ணயிக்கிறது. 2015-இல் உயர்தரப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 64 காசாக இருந்த தீர்வை 2021 பிப்ரவரியில் 79 காசாயிற்று. இடைத்தரப் பெட்ரோலுக்கு 56 காசு 66 காசாயிற்று. இத்தீர்வையையும் சேர்த்த தொகையின்மீதே பொருள் சேவை வரி விதிக்கப்படுகிறது. அது 2024 முதல் 9 விழுக்காடு.

வரி உயர்ந்தால் மக்கள் அக்கரைக்குச் செல்வர் என்பதை அரசு அறியாமலில்லை. 1989-இல் எல்லையைக் கடக்கும் சிங்கப்பூர்க் கார்களின் எரிபொருள் தொட்டி பாதியேனும் நிரம்பியிருக்க வேண்டும் என விதித்தது. 1991-இல் அது முக்கால் தொட்டியாயிற்று. மின்சாரக் கார்களும் தப்பவில்லை. அவற்றின் சாலை வரியோடு 2021 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட தொகை 2023-இல் ஆண்டுக்கு 700 வெள்ளியை எட்டியது. எனவே இவ்வரி எண்ணெய்மீது மட்டும் விழும் வரியன்று. குறுகிய தீவில் சாலையைப் பயன்படுத்துவதற்கான விலையுமாகும் என்க.

இக்கொள்கையில் நியாயம் உண்டு. ஆயினும் உல்லாசமாகக் கார் ஓட்டுபவரையும், பிழைப்பிற்காக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரையும் ஒரே காசு ஒரே அளவில் அழுத்துவதில்லை. 2021-இல் மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரியில் 60 விழுக்காடும் காருக்கு 15 விழுக்காடும் ஓராண்டுத் தள்ளுபடி அளிக்கப்பட்டது, அரசு இவ்வேறுபாட்டை உணர்ந்தமைக்குச் சான்று. ஆனால் தள்ளுபடி ஓராண்டில் முடிந்தது, தீர்வை நிலைத்தது. விடியற்காலையில் தேக்கா சந்தைக்குக் காய்கறி கொணரும் லாரியின் டீசலுக்கும் 2019 முதல் லிட்டருக்கு 20 காசு தீர்வை உண்டு. அக்காசு முருங்கைக்காயின் விலையில் ஒளிந்து நம் வீட்டு அடுக்களைக்கு வந்து சேர்கிறது.

ஆகவே, விலையேற்றத்தைக் கண்டு ஆலையை நோக்கி விரல் நீட்டுவது முறையன்று. நாம் கேட்க வேண்டிய வினா, "எண்ணெய் எங்கே சுத்திகரிக்கப்படுகிறது?" என்பதன்று; "வரியின் சுமை யார் தோளில், எவ்வளவு காலம் இறங்குகிறது?" என்பதே. அவ்வினாவைத் தெளிந்து கேட்கக் கற்பிப்பது வகுப்பறையின் கடமை.