கம்யூட்டேஷன்

சித்தூர், திருப்பதிப் பக்கம் அரசு ஊழியர் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். 'கம்யூட்டேஷன்' மட்டும் இரண்டிலும் அப்படியே நிற்கிறது.

லத்தீன் வேருக்கு 'ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளுதல்' என்று பொருள். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைவதற்கும் ஆங்கிலச் சட்டத்தில் இதே சொல்தான். ஓய்வூதியத்தில், மாதாமாதம் வரவேண்டியதன் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவது.

திருப்பதி ரயில்பெட்டிப் பணிமனையில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார், ஓய்வூதியம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்பு 40 சதவீதம், அதாவது ரூ.16,000. அதை 12 மாதத்தாலும் 8.194 என்ற காரணியாலும் பெருக்கினால் ரூ.15,73,248. இதற்கு வருமான வரி கிடையாது.

அப்புறம் மாதம் ரூ.24,000தான். ஆனால் அகவிலை நிவாரணம் முழு 40,000-க்கும் கணக்கிடப்படும். பலர் கவனிக்காத நல்ல செய்தி இது. பிடித்தம் 15 ஆண்டுகளில் நின்றுவிடும்.

கையில் வந்த தொகையை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம், வரம்பு ரூ.30 லட்சம். அந்த வட்டிக்கு வரிவிலக்கு இல்லை.