புள்ளிகளில் எழுதிய வேதியியல்: லூயிஸ் அமைப்பும் கரிம அயனிகளும்

வேதியியல் வகுப்பில் நாம் கரும்பலகையில் இடும் எலக்ட்ரான் புள்ளிகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு கற்பித்தற் பணியிலேயே தொடங்கியது என்பது ஆசிரியர்களாகிய நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. 1902இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்க்குக் கற்பித்துவந்த கில்பர்ட் நியூட்டன் லூயிஸ், அணுவைக் கனசதுரமாகவும், எலக்ட்ரான்களை அதன் மூலைகளில் அமைந்தவையாகவும் வரைந்தார். கனசதுரத்துக்கு மூலைகள் எட்டு. எட்டு நிறைந்தால் அணு நிலைபெறும் என்னும் கருத்து அப்படத்திலேயே அடங்கியிருந்தது.

எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குச் செல்கிறது என்று கொண்டால் உப்புகளை விளக்கலாம். கரிமச் சேர்மங்களை விளக்குவது அரிது. 1916இல், பெர்க்லியில் பணியாற்றிய காலத்தில், ஈரணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என லூயிஸ் எழுதினார். கனசதுரம் மெல்ல மறைந்தது, புள்ளிகள் நிலைத்தன.

கரிம அயனியில் பகிர்வும் மின்சுமையும் ஒருங்கே அமைகின்றன. இரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை நம் நாட்டார் அறிவர். அது ஒரு புரோட்டானை இழந்தால் பார்மேட்டு அயனியாகும். அதன் இணைதிற எலக்ட்ரான்களை எண்ணுவோம்: கார்பனுக்கு 4, ஹைட்ரஜனுக்கு 1, இரண்டு ஆக்சிஜன்களுக்கு 12, எதிர்மின்சுமைக்கு 1, ஆக 18. நடுவில் உள்ள கார்பனை ஹைட்ரஜனோடும் ஓர் ஆக்சிஜனோடும் ஒற்றைப் பிணைப்பாலும், மற்ற ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பாலும் இணைத்தால் 8 செலவாகும். எஞ்சிய 10, ஐந்து தனித்த இணைகளாகும்: ஒற்றைப் பிணைப்புடைய ஆக்சிஜனுக்கு மூன்று, மற்றதற்கு இரண்டு. முன்னதன் முறைசார் மின்சுமை 6 − 6 − 1 = −1; பின்னதற்குச் சுழி.

கணக்கு பிழையற்றது, ஆயினும் படம் உண்மையை முழுதும் உரைக்கவில்லை. பார்மிக் அமிலத்தில் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளின் நீளம் ஏறத்தாழ 120, 134 பிக்கோமீட்டர். அயனியிலோ இரண்டும் சமம். அந்நீளம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மின்சுமை எந்த ஆக்சிஜனுக்கு உரியது என்னும் வினாவுக்கு ஒற்றைப் படம் விடை தராது. 1930களில் லைனஸ் பாலிங் வளர்த்த உடனிசைவுக் கொள்கை, இரு படங்களையும் ஒருங்கே கொண்டு அயனியை ஒன்றாகக் காணக் கற்பித்தது. அயனி இரு வடிவங்களுக்கிடையே மாறிமாறி ஊசலாடுவதில்லை. இரண்டின் கலப்பே அதன் நிலையான இயல்பு. 1939இல் வெளிவந்த தம் பெருநூலைப் பாலிங் லூயிசுக்கே உரிமையாக்கினார்.

எழுத்துக்கு ஒலிவடிவும் வரிவடிவும் உண்டென நம் இலக்கணம் பிரித்தறியும். வரிவடிவம் ஒலியைச் சுட்டுவது, ஒலியே அன்று. லூயிஸ் அமைப்பும் மூலக்கூற்றின் வரிவடிவமே. புள்ளிகளை எண்ணக் கற்பிக்கும் நாம், அவை எவற்றைச் சொல்லமாட்டா என்பதையும் உடன் கற்பிப்போமாயின், மாணவர் படத்தை மனனம் செய்வதோடு நில்லாமல் பொருளை அறிவர்.